பாம்பன் பாலமும் எங்கள் கரையும்

எங்கள் தீவுகளில் என்றுமே புகையிரதப் பாதை இருந்ததில்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு என்று எங்கு தேடினாலும் ஒரு முழத் தண்டவாளம் கிடைக்காது. இறுப்பிட்டியில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறுவயதில் பாலம் என்றால் வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதி ஒன்றுதான். அதுவும் உண்மையில் பாலமன்று. கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய தெரு.

அப்படியிருந்தும் என் அப்புவின் பேச்சில் ஒரு புகையிரதப் பாலம் அடிக்கடி வந்துபோகும். "பாம்பன் பாலத்திலை கோச்சி ஓடாது, நடக்கும்" என்பார். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த புங்குடுதீவார் பலரைப் போல அவரும் சரக்கு வாங்கவும் கோயில் கும்பிடவும் தலைமன்னார் வழியாகத் தமிழகம் போய் வந்தவர். இராமேஸ்வரமும் மதுரையும் அவருக்கு வெளிநாடாகத் தோன்றியதில்லை. கொழும்பைவிடக் கிட்டிய ஊர்கள் என்ற தோரணையிலேயே பேசுவார்.

2025 ஏப்ரல் 6ஆம் திகதி பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டபோது, பழைய பாலத்தைப் பற்றியும் ஏராளமான கட்டுரைகள் வெளிவந்தன. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற பழக்கத்தால் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். எல்லாம் இந்தியாவின் முதல் கடற்பாலம் என்று தொடங்கி, யாத்திரிகர்களுக்குக் கிடைத்த வசதி என்று முடிந்தன. இராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்களைக் கொண்டுசெல்வதற்காகவே அந்தப் பாலம் கட்டப்பட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு. யாத்திரிகர்கள் பலனடைந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அத்தனை செலவும் உழைப்பும் இராமேஸ்வரத்துக்காகச் செய்யப்பட்டவையல்ல, இலங்கைக்காகச் செய்யப்பட்டவை. பாம்பன் பாலத்தின் வரலாற்றைப் பாக்குநீரிணையின் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

1914க்கு முன்னர் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் தூத்துக்குடி வரை புகையிரதத்தில் சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏற வேண்டும். அந்த வண்டிக்கு அப்போதே 'போட் மெயில்' என்று பெயர். 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சிச் சந்தியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டபோது, துரை காத்திருந்தது அந்த இலங்கைப் போட் மெயிலின் வரவுக்காகத்தான். தூத்துக்குடி வழியில் கடற்பயணம் ஓர் இரவை விழுங்கியது. கடல் குறுகிய இடத்தில் கடப்பதே இலாபம் என்று தென்னிந்திய ரயில்வே கம்பனி கருதியது. இராமர் அணையின் மணல்திட்டுகளைப் பற்றிக்கொண்டு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரையும் தண்டவாளம் போட்டுவிடலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் ஆராயப்பட்டது. செலவைக் கண்டு அது கைவிடப்பட்டது. பாம்பன் கால்வாய்க்குப் பாலம், தனுஷ்கோடி வரை பாதை, அங்கிருந்து சுமார் 22 மைல் கப்பல், தலைமன்னாரிலிருந்து மீண்டும் புகையிரதம் என்பது முடிவாயிற்று.

1911இல் வேலை தொடங்கி 1914 பெப்ரவரி 24ஆம் திகதி பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னார்ப் பாதையும் அதே ஆண்டில், அதே திட்டத்தின் மறுபாதியாகத் திறக்கப்பட்டது. மதவாச்சியில் வடபகுதிப் பாதையிலிருந்து பிரிந்து, மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒரு கடற்பாலத்தைக் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையின் மேலேயே அந்தப் பாதை முடிந்தது. பாம்பன் பாலத்துக்கு இலங்கையில் ஒரு தங்கை இருந்தது என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? இரு கரைக்குமிடையே கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடின. இர்வின், கோஷன் ஆகியவை பின்னர் வந்தவை. அப்பு கோஷனில் போனதைப் பெருமையாகச் சொல்வார். அதை அவர் 'கோசான்' என்றே உச்சரித்ததால், யாரோ ஒரு தமிழ்ப் பிரமுகரின் பெயர் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இனிப் பாலத்தின் அமைப்பைப் பார்ப்போம். கரைக்குக் கரை சுமார் 2 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல். பழைய அளவில் 6,776 அடி. கடலுக்குள் 143 தூண்கள். பெரும்பாலான கண்கள் 40 அடி நீளமான சாதாரண இரும்பு உத்தரங்கள். இவற்றில் விந்தை எதுவுமில்லை. ஆழமில்லாத, பாறைப்பாங்கான கடலில் குட்டையான தூண்களை நெருக்கமாக நட்டு, அவற்றின்மேல் உத்தரங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனார்கள். சிக்கனமான வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் புகையிரதம் நீரின் மேலேயே ஊர்வது போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தத் தாழ்வுதான்.

தாழ்வான பாலத்தின் கீழே கப்பல் போக முடியாது. பாம்பன் கால்வாயோ சும்மா கிடந்த கடலன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து, அந்த வழியை ஆங்கிலேயர் ஆழப்படுத்தியிருந்தனர். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம்மவர் தோணிகள் பாக்குநீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்குமிடையே போய்வந்த வழிகளில் அதுவும் ஒன்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான காலத்தை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் பாயிழுத்துப் புறப்பட்ட தோணி, இலங்கை முழுவதையும் சுற்றாமல் மலையாளக் கரையை அடைய வேண்டுமானால் வேறு எந்த வழியாகப் போகும்? உயர்ந்த பாய்மரம் உள்ள மரக்கலங்கள் முன்னரே உரிமையோடு போய்வந்த வாசலில் பிற்பாடு வந்தது பாலம். அது விலகித்தான் வழிவிட வேண்டியிருந்தது. நடுவிலுள்ள 225 அடித் தூக்குக் கண் அதற்காக வந்தது.

அந்தத் தூக்குக் கண்ணின் அமைப்புக்கு 'ஷெர்சர்' முறை என்று பெயர். இதை வடிவமைத்தவர் ஷெர்சர் என்ற ஜெர்மன் பொறியியலாளர், அவரே பாம்பனுக்கு வந்து நின்று கட்டினார் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. வில்லியம் ஷெர்சர் அமெரிக்கர். ஜெர்மன் வழிப் பெற்றோருக்குப் பிறந்து சிக்காகோவில் தொழில் செய்தவர். 1893இலேயே இளவயதில் காலமாகிவிட்டார். தமது முறையில் கட்டப்பட்ட முதற் பாலங்களைக்கூட அவர் காணவில்லை. அவை 1895இல் சிக்காகோ ஆற்றின்மேல் எழுந்தன. அவருடைய கம்பனியைத் தொடர்ந்து நடத்தியவர் சகோதரர் அல்பர்ட். பாம்பனுக்கான இரும்பு வேலையைச் செய்தது இங்கிலாந்தின் டீஸ் நதிக்கரையிலிருந்த ஹெட் ரைட்சன் நிறுவனம். சிக்காகோ ஆற்றின் படகு நெரிசலுக்காக ஒருவர் கண்டுபிடித்த உபாயம் இருபது வருடங்களுக்குள் எங்கள் கடலுக்கு வந்து சேர்ந்தது என்பதே போதிய அதிசயம். அதற்கு மேல் கதை கட்டத் தேவையில்லை.

முறை மிக எளியது. வீட்டில் ஆடுகதிரை உள்ளவர்கள் அதைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். வளைந்த கால்கள் தரையில் உருள, கதிரையின் முன்பக்கம் மேலெழும். அதே வேளையில் முழுக் கதிரையும் சற்றுப் பின்வாங்கும். பாம்பன் தூக்குக் கண்ணின் இரு சிறகுகளும் செய்வது அதைத்தான். ஒவ்வொரு சிறகின் அடியிலும் பெரிய வில்வளைவான இரும்புப் பாதம் உண்டு. அது தட்டையான தளத்தின்மேல் உருண்டு பின்செல்லும்போது சிறகின் நுனி வானை நோக்கி எழும்புகிறது. வழுக்காதிருக்கப் பாதமும் தளமும் பல்லும் குழியுமாகப் பொருந்துகின்றன. சிறகின் பாரத்துக்குச் சமமாகப் பின்பக்கத்தில் எதிர்நிறை ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரு சிறகின் நிறை 415 தொன் என்பர். ஆயினும் தராசுத்தட்டுப் போலச் சமன் செய்யப்பட்டிருப்பதாலும், உருளும்போது உராய்வு சிறிதாகையாலும், கடைசி வரை மனிதர்கள் கைகளால் நெம்புகோலைச் சுற்றியே அதைத் திறந்தார்கள், மின்சாரம் தேவைப்படவில்லை.

கீல் வைத்துத் தூக்கும் பாலத்தைவிட இதில் இரு நன்மைகள் உண்டு. சிறகு எழும்பும்போதே பின்வாங்குவதால் கப்பலுக்கு வழி விரைவாக அகலும். பாரம் அச்சாணி ஒன்றில் தொங்காது. குறையும் உண்டு. உருளும்போது அத்தனை பாரமும் அடித்தூணின்மேல் இடம் மாறிக்கொண்டே செல்லும். ஆகையால் அடித்தளம் மிக உறுதியாக இருக்க வேண்டும். உப்புக்காற்று ஓயாத கடலில் அந்தத் தளத்தையும் பற்களையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழுதின்றிக் காப்பது எளிய காரியமன்று. துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூசும் தொழிலாளிகள் அந்தப் பாலத்தில் என்றும் இருந்துகொண்டே இருந்தார்கள். ஷெர்சரின் பெயரைச் சொல்கிறோம். அவர்களில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

இந்தப் பாலத்தின் மேல் போனவர்களில் பெருந்தொகையினர் எங்கள் அப்புவைப் போன்ற வியாபாரிகளோ, முதலாம் வகுப்பில் வந்த துரைமாரோ அல்லர். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழகத்து ஏழை மக்களே. முந்திய தலைமுறையினர் கடல் கடந்து, மன்னார்ப் பக்கத்திலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டுக்குச் சென்று, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். பின்னர் அந்த நடை நின்றது. ஆனால் பாலத்துக்கு இப்பால் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு தடுப்பு முகாமை நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே தங்கி, நோயில்லை என்று உறுதியான பின்னரே பாலத்தில் ஏற முடியும். மண்டபம் முகாம் என்ற இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. கணக்குத் தீர்ப்பதைப் போன்ற அந்தப் பங்கீட்டைப் பற்றி அம்மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கையெழுத்து உலர்ந்து இரண்டு மாதம் ஆகுமுன், டிசெம்பர் 22ஆம் திகதி புயல் வந்தது.

அப்போது நான் பள்ளி மாணவன். இறுப்பிட்டியில் அன்றிரவு பனைகள் முறிந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ஆச்சி எங்களையெல்லாம் சுவர் ஓரமாக ஒடுக்கி உட்காரவைத்து விடியும்வரை தேவாரம் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் கூரை போனது; உயிர் போகவில்லை. தனுஷ்கோடி அழிந்த செய்தி எங்களுக்குப் பல நாள் கழித்துப் பத்திரிகை மூலமே தெரியவந்தது. அப்பு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிப் போக்குவரத்து இல்லை" என்று மட்டும் சொன்னார்.

இதிலும் ஒரு திருத்தம். அன்றிரவு புகையிரதம் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் வீழ்ந்தது என்று பலர் எழுதுகின்றனர். பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட 653ஆம் இலக்க வண்டி பாலத்தைக் கடந்து வந்ததன்று. அது இராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே ஓடி, தனுஷ்கோடியை அண்மித்தபோது பேரலையில் சிக்கியது. பயணிகள் 110 பேரும் ஊழியர் ஐவரும் அதில் இருந்தனர் என்பது பதிவு. பாலத்தில் நடந்தது வேறு. 145 உத்தரங்களில் 126ஐ அலைகள் பெயர்த்தெடுத்துக் கடலில் எறிந்தன. தூண்களின்மேல் வெறுமனே அமர்ந்திருந்த சிறு உத்தரங்கள் போய்விட, நடுவிலிருந்த ஷெர்சர் கண் மட்டும் இரு பக்கமும் தொடர்பற்றுத் தனியே நின்றது. தன் நிறையே அதைக் காத்தது போலும்.

மீளமைக்கும் பொறுப்பு 32 வயதான ஈ. ஸ்ரீதரன் என்ற பொறியியலாளரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் டெல்லி மெற்றோவாலும் புகழ்பெற்றவர் அவர்தான். ஆறு மாதம் என்று முதலில் குறிக்கப்பட்ட தவணை மூன்று மாதமாகக் குறுக்கப்பட்டது. அவர் 46 நாட்களில் முடித்தார். புது உத்தரங்கள் செய்வித்துக் காத்திருப்பதை விடுத்து, கடலில் கிடந்த பழையவற்றையே தேடியெடுத்து மீண்டும் தூண்களில் ஏற்றியதுதான் அந்த வேகத்தின் இரகசியம். அவை எங்கே கிடக்கின்றன என்று காட்டியவர்கள் மீனவர்கள். 1965 மார்ச்சில் மீண்டும் புகையிரதம் ஓடியது.

ஆனால் பாலம் மீண்டது இராமேஸ்வரத்துக்கு மட்டுமே. தனுஷ்கோடிப் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே 'இராமானுஜம்' என்ற கப்பல் விடப்பட்டது. 1973இல் நானும் அதில்தான் முதன்முதலாகப் போனேன்.

அந்தப் பயணத்தில் கப்பல் நிறைய மலையகத்து மக்கள். ஒப்பந்தத்தின்படி 'தாயகம்' திரும்புகிறவர்கள். தாயகத்தை அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கண்டதே இல்லை. இராமேஸ்வரத்தில் என் பெட்டியில் ஒரு குடும்பம் ஏறியது. தகர டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருள், ஒரு அம்மி. பதுளைப் பக்கத்துத் தோட்டம் என்றார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். குடும்பத் தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, "இதுல போட்டிருக்குங்க" என்று நீட்டினார். ஊரின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. வண்டி பாலத்தில் ஏறியதும் அப்பு சொன்னபடியே நடக்கத் தொடங்கியது. கைபிடிச்சுவரும் இல்லை, சன்னலுக்கு வெளியே நேராகக் கடல். தூக்குக் கண்ணைக் கடக்கும்போது சக்கரங்களின் ஓசை மாறியது. குழந்தைகள் பயந்து தாயைக் கட்டிக்கொண்டன. அம்மா மட்டும் கடலைப் பார்க்கவில்லை. அம்மியைக் காலால் அணைத்தபடி குனிந்திருந்தார். மண்டபம் முகாமில் அவர்கள் இறங்கினார்கள். அவர்களுடைய பாட்டனோ பூட்டனோ இலங்கைக்குப் போகும் வழியில் தங்கியிருக்கக்கூடிய அதே முகாம்.

அதோடு அந்தப் பாலத்தின் வேலை முடியவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு வள்ளங்களிலும் தோணிகளிலும் எங்கள் சனம் இராமேஸ்வரம் கரையில் வந்து விழுந்தது. 1983க்கும் 1987க்கும் இடையே தமிழகம் சேர்ந்த அகதிகள் 130,000க்கு மேல். சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்துவைத்தது 1988 ஒக்டோபர் 2ஆம் திகதி. அதுவரை அத்தீவில் இறங்கியவர்களைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் இது ஒன்றே. அவர்களும் மண்டபம் முகாமிலேயே பதியப்பட்டார்கள். அவர்களில் என் உறவினரும் இருந்தனர். இராமானுஜம் கப்பல் 1984இல் நின்றுபோனது. இலங்கையோடு இணைப்பதற்கென்று கட்டப்பட்ட பாலத்தை இலங்கையிலிருந்து ஓடி வந்தவர்கள் கடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

பிந்திய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மீற்றர்ப் பாதைக்கென்று கட்டிய பாலத்தை அகலப் பாதைக்கு ஏற்றவாறு வலுப்படுத்தி, 2007 ஓகஸ்டில் மீண்டும் திறந்தனர். பாரம் கூடியது, எதிர்நிறையின் கணக்கும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் சைகை தானாகவே சிவப்பாகும் ஏற்பாடும் அங்கே இருந்தது. 2018 டிசெம்பரில் தூக்குக் கண்ணில் வெடிப்புக் காணப்பட்டுச் சில மாதங்கள் சேவை நின்றது. 2022 டிசெம்பர் 23ஆம் திகதியோடு அதன்மேல் புகையிரதம் ஓடுவது முற்றாக நிறுத்தப்பட்டது. தனுஷ்கோடிப் புயல் ஓய்ந்த அதே திகதி, 58 வருடம் கழித்து.

புதிய பாலத்தின் நடுக்கண் 72.5 மீற்றர். ஆடுகதிரை போலச் சாயாமல், மின்தூக்கி போல இரு கோபுரங்களுக்கிடையே கிடையாகவே 17 மீற்றர் எழும்பும். நல்ல வேலைதான், நெம்புகோல் சுற்ற ஆள் தேவையில்லை.

எங்கள் பக்கத்துப் பாதை 1990இல் போரில் அழிந்தது. மன்னார்க் கடற்பாலமும் தகர்ந்தது. இந்திய நிறுவனமான இர்கொன் அதைத் திரும்ப அமைத்து, 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை புகையிரதம் வந்தது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023இல் கப்பல் விடப்பட்டது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே பேச்சு மட்டும் அவ்வப்போது எழுந்து அடங்கும்.

பாதை திறந்து சில காலத்தின் பின் நான் தலைமன்னாருக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த வண்டியில் கடைசிவரை இருந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்காது. நிலையத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் பழைய இறங்குதுறை. இரும்புத் தூண்கள் துருவேறி நீருக்குள் நிற்கின்றன. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையனிடம், இந்தத் துறை எதற்காகக் கட்டியது தெரியுமா தம்பி என்று கேட்டேன். "மீன் இறக்கத்தான் ஐயா" என்றான்.